டெலஸ்கோப்பை ப்ரோக்ராம் எழுதி ஓட்டுவது: மதுரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொட்டை மாடியிலும், வெளிச்சம் குறைவாக வேண்டும் என்றால் அழகர்கோவில் பக்கத்துத் தோப்புகளிலும் டெலஸ்கோப் வைத்து வானம் பார்க்கிறவன் நான். பைத்தான் எழுதித்தான் அதை ஓட்டுகிறேன் என்று தெரிந்ததிலிருந்து காலேஜ் பிள்ளைகள், பள்ளி ஆசிரியர்கள், புதிதாக டெலஸ்கோப் வாங்கியவர்கள் என்று பலர் போன் போடுகிறார்கள், கேட்பதும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான். அவர்கள் கேட்டதைக் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதிலைப் போட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகும்.

"கைல ரிமோட் மாதிரி ஒண்ணு இருக்கே சார், அதுல அமுக்கினாலே போகுது. அப்புறம் எதுக்கு ப்ரோக்ராம்?"

சனிக்கோளையும் நிலவையும் பார்த்துவிட்டுப் படுக்கப் போகிறவருக்கு ப்ரோக்ராம் தேவையே இல்லை. ஸ்டெல்லேரியம் மாதிரி ஒரு மென்பொருளை இணைத்து, திரையில் நட்சத்திரத்தைச் சொடுக்கினால் டெலஸ்கோப் அங்கே போய் நிற்கும், அதுவே பலருக்குப் போதும்.

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் ப்ரோக்ராம் வேண்டியிருக்கிறது. ஒரு மாறொளிர் விண்மீனை இரவு முழுக்க இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்க வேண்டும், அல்லது ஒரு வால்நட்சத்திரத்தைத் தேட வேண்டும், அதன் இடமோ தினமும் மாறுகிறது, ரிமோட்டின் பட்டியலில் அது இருக்கவும் செய்யாது. கேமரா, ஃபோகஸர் (படம் தெளிவாக விழும்படி திருத்துகிற மோட்டார்), டெலஸ்கோப் மூன்றும் ஒன்றுக்கொன்று காத்திருந்து வேலை செய்ய வேண்டிய இடத்தில் கையால் அமுக்கிக்கொண்டிருப்பது முடியாத காரியம்.

"எங்கிட்ட இருக்கிற டெலஸ்கோப்பை கம்ப்யூட்டர்ல மாட்ட முடியுமா?"

குழாயையும் கண்ணாடியையும் பார்க்காதீர்கள், அதைத் தாங்குகிற மவுண்டைப் பாருங்கள். இரண்டு அச்சிலும் மோட்டார் இருந்து, கணினியோடு பேச ஒரு போர்ட்டோ வைஃபையோ இருந்தால் ஓட்டலாம். மோட்டார் இல்லாமல் என்கோடர் மட்டும் உள்ள மவுண்ட் என்றால், இப்போது எங்கே பார்க்கிறது என்று அது சொல்லும், நகர்த்துவது உங்கள் கை. கையால் தள்ளுகிற சாதாரண டாப்சோனியன் வைத்திருப்பவர்கள் ஸ்டெப்பர் மோட்டார் பொருத்தி ஆன்ஸ்டெப் என்கிற திறந்த மூலக் கட்டுப்பாட்டுப் பலகையைப் போட்டுக்கொள்கிறார்கள். லேத் பட்டறைப் பழக்கம் உள்ளவர்களுக்கு அது நல்ல வழி.

"லைப்ரரி, டிரைவர், ரெண்டும் ஒண்ணுதானா?"

இல்லை. ஒவ்வொரு மவுண்டுக்கும் ஒரு சொந்த பாஷை உண்டு. எல்எக்ஸ்200 என்கிற பழைய பாஷையில் ஒரு கோலன், இரண்டு எழுத்து, கடைசியில் ஒரு ஹாஷ், இவ்வளவை சீரியல் கேபிளில் அனுப்பினால் 'இப்போது உன் ஆர்.ஏ. (வானத்தில் கிழக்கு-மேற்காக இடத்தைச் சொல்லும் எண்) என்ன' என்று கேட்டதாக அர்த்தம், பதிலும் அதே மாதிரி சில எண்களும் ஒரு ஹாஷுமாக வரும். இன்னொரு கம்பெனி மவுண்டில் இதே கேள்விக்கு வேறு எழுத்து, பதில் ஹெக்ஸாடெசிமலில் வரும். இந்த பாஷைகளைத் தெரிந்து வைத்திருப்பது டிரைவர்.

லைப்ரரி உங்கள் பைத்தான் பக்கம் இருப்பது. 'இந்த இடத்துக்குப் போ', 'நில்', 'எங்கே இருக்கிறாய்' என்று நீங்கள் பொதுவாகச் சொல்வதை டிரைவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். நாளைக்கு மவுண்டை விற்றுவிட்டு வேறு வாங்கினாலும் டிரைவரை மட்டும் மாற்றினால் போதும், எழுதிய ப்ரோக்ராம் அப்படியே ஓடும். இதற்காகத்தான் இந்த ஏற்பாடே.

"ஆஸ்காம்ங்கிறாங்க, இண்டிங்கிறாங்க, அல்பாக்காங்கிறாங்க. எதுல ஆரம்பிக்கிறது?"

மூன்றும் ப்ரோக்ராமும் டிரைவரும் பேசிக்கொள்வதற்கான பொது ஏற்பாடுகள். ஆஸ்காம் 1990களின் கடைசியில் விண்டோஸுக்காக வந்தது, இன்றைக்கும் விண்டோஸில் ஏறத்தாழ எல்லா வானியல் கருவிகளுக்கும் அதில் டிரைவர் கிடைக்கும். இண்டி லினக்ஸ் பக்கம் வளர்ந்தது. அதில் ஒரு சர்வர் 7624 என்ற போர்ட்டில் உட்கார்ந்திருக்கும், கருவிகள் பற்றிய எல்லாச் செய்தியும் எக்ஸ்எம்எல்லாக அதன் வழியே போய்வரும், கேஸ்டார்ஸ் என்ற வான வரைபட மென்பொருளும் அதனோடுதான் பேசுகிறது. அல்பாக்கா என்பது ஆஸ்காம்காரர்களே கொண்டுவந்த புது வழி. பிரவுசர் பேசுகிற அதே எச்டிடிபியில் பேசும், பதில் ஜேசனில் வரும், அதனால் விண்டோஸ்தான் வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது.

விண்டோஸ் லேப்டாப் மட்டும் இருந்தால் அல்பாக்கா, அதற்கு அல்பைக்கா என்ற பைத்தான் லைப்ரரி. ராஸ்பெர்ரி பை என்கிற குட்டிக் கணினி ஒன்றை டெலஸ்கோப்பிலேயே கட்டி வைக்கப் போகிறீர்கள் என்றால் இண்டி, அதற்கு பைஇண்டி கிளையன்ட். நான் இரண்டாவதில் இருக்கிறேன். ஆனால் முதல்முறை எழுதுகிறவருக்கு அல்பாக்காதான் சுலபம் என்பேன், ஏனென்றால் இண்டியில் சர்வர் தன்பாட்டுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும், நாம் காது கொடுத்துக் கேட்டபடி இருக்க வேண்டும், அது பழக நாளாகும்.

"டெலஸ்கோப் இன்னும் வாங்கலண்ணே. இப்பவே கத்துக்க முடியுமா?"

முடியும். வாங்கியவர்களும் அப்படித்தான் தொடங்க வேண்டும். இண்டியோடு டெலஸ்கோப், கேமரா, ஃபோகஸர் எல்லாவற்றுக்கும் சிமுலேட்டர் வருகிறது, ஆஸ்காமிலும் உண்டு. சிமுலேட்டர் டெலஸ்கோப் நிஜத்தைப் போலவே நேரம் எடுத்து நகரும், பார்க் செய்திருந்தால், அதாவது ஓய்வு நிலையில் நிறுத்தி வைத்திருந்தால், நகர மறுக்கும். சிமுலேட்டர் கேமரா அந்த இடத்து நட்சத்திரங்களை வரைந்து படமாகவே கொடுக்கும்.

புது ப்ரோக்ராம் எதுவானாலும் சிமுலேட்டரில் ஒரு முழு இரவு ஓடின பிறகே நிஜ மவுண்டுக்குக் கொண்டுபோகிறேன். மவுண்ட் கனமான இரும்பு. தப்பான எண்ணைக் கொடுத்தாலும் சொன்னதைச் செய்யும், முக்காலியில் இடிக்கும் வரை.

"பைத்தான் சுமாரா வரும். கணக்கெல்லாம் போடணுமா?"

சுமாராக வந்தால் போதும். கோளக் கணிதம் முழுக்க ஆஸ்ட்ரோபை என்ற பைத்தான் லைப்ரரி பார்த்துக்கொள்ளும். இடம், நேரம், நட்சத்திரத்தின் ஆர்.ஏ., டெக் (வடக்கு-தெற்காக இடத்தைச் சொல்லும் எண்) கொடுத்தால் அது இப்போது எந்தத் திசையில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடும். மதுரைக்கு வடக்கு 9.93, கிழக்கு 78.12, கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர் அளவு. உசிலம்பட்டியோ மேலூரோ என்றால் போனிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

நகரச் சொல்லும் முன்பு அந்த உயரத்தை ஒருமுறை கணக்கிட்டு, 20 டிகிரிக்குக் கீழே இருந்தால் மறுத்துவிடுகிற மாதிரி ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி வையுங்கள். கீழே வரும் பல தப்புகளை அது ஒன்றே பிடித்துவிடும்.

"கேபிள் மாட்டியாச்சு, டிரைவர் போட்டாச்சு, கனெக்ட்டே ஆகமாட்டேங்குது."

லினக்ஸில் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் யூசர் டயல்அவுட் குழுவில் இருக்கிறாரா என்பது. இல்லையென்றால் சீரியல் போர்ட்டைத் தொட அனுமதி கிடைக்காது. சேர்த்தபின் லாக்அவுட் செய்துவிட்டு வர வேண்டும், இதை மறந்துவிட்டு அரைமணி நேரம் தேடுகிறவர்கள் நிறைய. உபுண்டு 22.04இல் இன்னொரு தொல்லை உண்டு. பார்வையற்றவர்களுக்கான பிரெய்ல் கருவிக்கென்று இருக்கும் ஒரு சேவை, சிஎச்340 சிப் உள்ள மலிவான யூஎஸ்பி கேபிளைத் தன்னுடையது என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும், உங்கள் போர்ட் தோன்றிய வேகத்தில் காணாமல் போகும். அந்தக் கருவியைப் பயன்படுத்தாதவர்கள் சேவையை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

கேபிள் விஷயத்தில் கவனமாக இருங்கள். ரிமோட்டின் அடியில் மாட்டுகிற கேபிளும், ரிமோட்டை எடுத்துவிட்டு மவுண்டிலேயே நேராக மாட்டுகிற கேபிளும் முனை ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே ஓடும் வோல்டேஜ் வேறு. ரிமோட்டுக்கான ஆர்எஸ்232 கேபிளை மவுண்டில் நேராகச் செருகினால் போர்டு எரியக்கூடும். எந்தக் கேபிள் எதற்கு என்று வாங்கின அன்றைக்கே துணி டேப் ஒட்டி எழுதிவிடுங்கள்.

"கிழக்கே இருக்கிற நட்சத்திரத்தைச் சொன்னா மேற்கே போய் நிக்குது. லைப்ரரில தப்பு இருக்கா?"

இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. எனக்கும் நடந்திருக்கிறது. ஒரு பொங்கல் விடுமுறையில் மாடியில் எல்லாரும் கூடியிருந்தார்கள், இரவு எட்டு மணி, திருவாதிரை கிழக்கே ஐம்பது டிகிரி உயரத்தில் செக்கச் செவேலென்று நிற்கிறது. கட்டளை போட்டேன். டெலஸ்கோப் கிழக்கைத் தாண்டி, உச்சியைத் தாண்டி, மேற்கே போய் ஏறத்தாழ அதே உயரத்தில் நின்றது. மோட்டார் சத்தம் நின்றதும் ப்ரோக்ராம் 'இலக்கை அடைந்தது' என்று எழுதியது. என் தங்கை மகள் வந்து கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "மாமா, இங்க ஒண்ணுமே இல்லையே" என்றாள்.

காரணம் நேரம். நம் கடிகார நேரத்தை அப்படியே யூடிசி, அதாவது உலகப் பொது நேரம், என்று கொடுத்துவிட்டேன். ஐந்தரை மணி நேர வித்தியாசம். பூமி ஒரு மணிக்கு 15 டிகிரி சுற்றுகிறது, ஐந்தரை மணிக்கு 82.5 டிகிரி. மவுண்டைப் பொறுத்தவரை அப்போது விடிகாலை ஒன்றரை மணி, அந்த நேரத்துக்குத் திருவாதிரை மேற்கேதான் இருக்கும். அது சொன்னதைச் சரியாகத்தான் செய்தது. பைத்தானில் நேரத்தை எடுக்கும்போதே யூடிசி மண்டலத்தோடு எடுங்கள், மண்டலம் குறிக்காத வெறும் நேரத்தை எந்த ஃபங்ஷனும் ஏற்றுக்கொள்ளாதபடி எழுதுங்கள்.

நேரம் சரியாக இருந்தும் இதே மாதிரி நடந்தால் தீர்க்கரேகையைப் பாருங்கள். ஆஸ்காமில் கிழக்கு பாசிட்டிவ், இண்டியில் கிழக்கு நோக்கி 0 முதல் 360 வரை, ஆனால் மேலே சொன்ன எல்எக்ஸ்200 பாஷையில் மேற்குதான் பாசிட்டிவ். டிரைவர் வழியாகப் போனால் அது மாற்றிக்கொடுத்துவிடும். நேராக சீரியலில் எழுதுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

"வெப்சைட்ல பாத்த ஆர்.ஏ.வைத்தான் போட்டேன், எங்கயோ போகுதே?"

ஆர்.ஏ.வை மணியாகவும் சொல்வார்கள், டிகிரியாகவும் சொல்வார்கள், ஒரு மணி 15 டிகிரி. ஆஸ்காம், இண்டி இரண்டுக்கும் மணி வேண்டும். ஆஸ்ட்ரோபையில் டிகிரியாகவும் எடுக்கலாம், மணியாகவும் எடுக்கலாம். திருவாதிரை 5.92 மணி, அதுவே 88.8 டிகிரி. 88.8ஐ மணி என்று கொடுத்தால் 24க்கு மேல் போனதால் பிழை வரும், தப்பித்தீர்கள். ஆண்ட்ரோமெடா கேலக்ஸியோ 10.68 டிகிரி. அதை மணி என்று கொடுத்தால் ஒரு எச்சரிக்கையும் வராது, டெலஸ்கோப் அமைதியாக சப்தரிஷி மண்டலப் பக்கம் போய் நிற்கும். மாறியின் பெயரிலேயே மணியா டிகிரியா என்று எழுதிவிடுங்கள், எனக்கு இதைவிட நல்ல மருந்து தெரியவில்லை.

"திசை சரியா இருக்கு, ஆனா எப்பவுமே கொஞ்சம் தள்ளியே நிக்குது."

எல்லா நட்சத்திரத்துக்கும் ஒரே பக்கம், மூன்றில் ஒரு டிகிரி அளவு தள்ளி நின்றால் ஆண்டுக் கணக்கைச் சந்தேகப்படுங்கள். அட்டவணைகளில் இருப்பது 2000ஆம் ஆண்டுக்கான இடம், ஜே2000 என்பார்கள். பூமியின் அச்சு பம்பரம்போல மெல்லச் சாய்ந்து சுற்றுவதால் ஆண்டுக்கு சுமார் 50 ஆர்க் விநாடி நகர்கிறது. 26 ஆண்டில் அது 22 ஆர்க் நிமிடம், முழு நிலவின் அகலத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. பல மவுண்டுகள் இன்றைய தேதிக்கான இடத்தைத்தான் எதிர்பார்க்கின்றன. இண்டியில் அந்த ப்ராப்பர்ட்டியின் பெயரிலேயே அன்றைய தேதி என்பதற்கான மூன்றெழுத்து இருக்கும், ஆஸ்காமில் ஈக்வடோரியல் சிஸ்டம் எது என்று டிரைவரிடமே கேட்கலாம். மாற்றித் தருவது ஆஸ்ட்ரோபையின் வேலை.

ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு விதமாகத் தள்ளி நின்றால் அது வேறு. அச்சு வடதுருவத்தை நோக்கிச் சரியாக வைக்கப்படவில்லை, அடுத்த கேள்வி அதுதான்.

"துருவ நட்சத்திரமே நம்ம ஊர்ல தெரியமாட்டேங்குது. போலார் அலைன்மென்ட் எப்படிப் பண்றது?"

துருவம் ஒரு ஊரில் அந்த ஊரின் அட்சரேகை அளவு உயரத்தில்தான் இருக்கும். நமக்குப் பத்து டிகிரி. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறத்தாழ பத்து டிகிரி, அவ்வளவு தாழ்வில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் ஊர்ப் புழுதியும் சேர்ந்து அதை மறைத்துவிடும். இன்னொன்று, இவ்வளவு தாழ்வாக மவுண்டின் அச்சைச் சாய்த்தால் எதிர் எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும் இடத்துக்கு வந்துவிடும். வாங்கும்போதே பத்து டிகிரிக்கு இறங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

துருவத்தைப் பார்க்காமலே செய்யலாம். வானத்தில் எங்கேயாவது மூன்று படம், நடுவில் ஆர்.ஏ. அச்சில் மட்டும் திருப்பிக்கொண்டே எடுத்து, ஒவ்வொன்றையும் பிளேட் சால்விங் செய்தால், அதாவது படத்தில் உள்ள நட்சத்திர அமைப்பை அட்டவணையோடு ஒப்பிட்டு படம் எந்த இடத்தது என்று கண்டுபிடித்தால், அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கு வந்துவிடும். கேஸ்டார்ஸோடு வரும் ஈக்கோஸில் இது தயாராகவே இருக்கிறது. சால்விங்குக்கு அஸ்டாப் அல்லது ஆஸ்ட்ரோமெட்ரி டாட் நெட், இரண்டும் இணையம் இல்லாமல் ஓடும்.

வடக்கில் இழப்பது தெற்கில் கிடைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் பெரும்பாலோர் பார்க்கவே முடியாத ஒமேகா செண்டாரி விண்மீன் கொத்து நமக்கு 32 டிகிரி உயரம் வரை ஏறி வருகிறது. காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கும் ஜவ்வாது மலையைவிட நாம் இன்னும் தெற்கே இருக்கிறோம், தென்வானம் நமக்குக் கூடுதல்.

"'போ'ன்னு சொன்ன அடுத்த வரிலயே படம் எடுக்கச் சொல்லிருக்கேன். படத்துல நட்சத்திரமெல்லாம் கோடா வருது."

நீங்கள் அனுப்பிய கட்டளை உடனே திரும்பி வந்துவிடும், டெலஸ்கோப் அப்போதுதான் நகரத் தொடங்கியிருக்கும். அசின்க் என்ற பெயரில் வரும் ஃபங்ஷன்கள் எல்லாம் இப்படித்தான், 'கேட்டுக்கொண்டேன்' என்பதுதான் அதன் பதில். அல்பாக்காவில் ஸ்லூயிங் ('நகர்ந்துகொண்டிருக்கிறேனா') என்ற ப்ராப்பர்ட்டி ஃபால்ஸ் என்று மாறும் வரை அரை விநாடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இண்டியில் அந்த ப்ராப்பர்ட்டியின் நிலை பிஸியிலிருந்து ஓகேவுக்கு வர வேண்டும், அலெர்ட் என்று வந்தால் ஏதோ தவறிவிட்டது.

நின்றபிறகும் உடனே படம் எடுக்காதீர்கள். குழாயில் விரலால் தட்டிவிட்டுக் கண்ணை வைத்துப் பாருங்கள், நட்சத்திரம் இரண்டு மூன்று விநாடி நடுங்கி அடங்கும். மோட்டார் நிற்கும்போதும் அதே நடுக்கம்தான். ஐந்து விநாடி விடுங்கள். காத்திருக்கும் லூப்புக்கு ஒரு கால எல்லையும் வையுங்கள், மூன்று நிமிடத்தில் வந்து சேராவிட்டால் நிறுத்தக் கட்டளை கொடுத்துவிட்டு ப்ரோக்ராம் சத்தம் போட வேண்டும். வந்து நின்ற இடத்தைத் திரும்பக் கேட்டு, கேட்டதும் கிடைத்ததும் ஒன்றா என்று பார்ப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் திருவாதிரைக் கதையில் இது மட்டும் போதாது, மவுண்ட் தான் நினைத்த இடத்துக்குச் சரியாகத்தான் போயிருந்தது. அங்கே ஒரு படமும் ஒரு பிளேட் சால்விங்கும்தான் உண்மையைச் சொல்லும்.

"இண்டில ஓகேன்னு வருது, ஆனா டெலஸ்கோப் அசையவே இல்ல."

கோஆர்டினேட் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தனி சுவிட்ச் இருக்கிறது: டிராக் (போய்ப் பின்தொடர்), ஸ்லூ (போய் நில்), சிங்க் (இங்கேதான் இருக்கிறாய் என்று குறித்துக்கொள்). முன்னால் ஏதோ ஒரு வேலைக்கு சிங்க்கில் போட்டுவிட்டு மாற்றாமல் விட்டிருப்பீர்கள். இப்போது நீங்கள் அனுப்பும் எண்ணை 'நான் இங்கேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்று அது மனதில் எழுதிக்கொள்ளும், அசையாது. அதற்கப்புறம் எங்கே அனுப்பினாலும் தப்பான இடத்துக்குத்தான் போகும். ஒவ்வொரு முறையும் கோஆர்டினேட்டுக்கு முன்னால் சுவிட்சை டிராக்கில் வைத்துவிட்டே அனுப்புங்கள்.

"நடுராத்திரில தானா தலைகீழா திரும்பிருச்சுண்ணே, பயந்தே போயிட்டேன்."

ஜெர்மன் ஈக்வடோரியல் மவுண்டாக இருக்கும், ஓர் அச்சு துருவத்தை நோக்கி, குழாய்க்கு மறுபக்கம் எதிர் எடை உள்ள வகை. வடக்கிலிருந்து உச்சி வழியாகத் தெற்கே போகும் கோட்டை, மெரிடியனை, நட்சத்திரம் தாண்டியபிறகும் அப்படியே பின்தொடர்ந்தால் குழாய் முக்காலியில் மோதும், அதனால் மறுபக்கம் புரண்டு அதே நட்சத்திரத்தைப் பிடிக்கிறது. எப்போது திரும்பும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அந்த நேரத்தில் படம் எடுக்காதபடி எழுதுங்கள். கேபிள்களுக்குத் தாராளமாகத் தளர்வு விடுங்கள். ஒருமுறை கேமரா கேபிள் எதிர் எடைத் தண்டில் இரண்டு சுற்று சுற்றி யூஎஸ்பி முனையை வளைத்துவிட்டது, அதிலிருந்து முதல் புரளலை எப்போதும் பக்கத்தில் நின்று கண்ணால் பார்க்கிறேன்.

இப்படித் திரும்பாத, மேலும் கீழுமாகவும் பக்கவாட்டிலும் மட்டும் நகர்கிற ஆல்ட்-அஜிமுத் மவுண்டுக்கு நம் ஊரில் வேறு கஷ்டம். திருவாதிரை, திருவோணம், மகம் மூன்றும் நம் தலைக்கு மேல் இரண்டு மூன்று டிகிரிக்குள்தான் கடக்கின்றன. திருவோணம் உச்சியிலிருந்து ஒரு டிகிரி தள்ளிக் கடக்கிற எட்டே நிமிடத்தில் மவுண்ட் கிடைமட்டமாக 90 டிகிரி சுழல வேண்டும், சின்ன மோட்டார் திணறிவிடும். உச்சியிலிருந்து ஐந்து டிகிரிக்குள் எதுவும் வேண்டாம் என்று ப்ரோக்ராமில் ஒரு வரி போட்டு, ஒரு மணி நேரம் முன்னாலோ பின்னாலோ பாருங்கள்.

"நடுவுல கரண்ட் போனா?"

மவுண்டை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டுங்கள், கரண்ட் இருந்தாலும். மின்சாரம் ஒரு விநாடி போய் வந்தாலும் பல மவுண்டுகள் தான் தொடக்க நிலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு எழும், நிஜத்தில் குழாய் எங்கோ சாய்ந்திருக்கும். அந்த நிலையில் 'போ' என்றால் அது போகும் வழி நீங்கள் நினைத்த வழி இல்லை. அதனால் ப்ரோக்ராம் மறுபடி இணைந்ததும் முதலில் இருந்த இடத்திலேயே ஒரு படம், ஒரு பிளேட் சால்விங், பிறகு சிங்க், அதற்கப்புறம்தான் நகர்வு. படம் சால்வ் ஆகவில்லை என்றால் நகராமல் ஆளைக் கூப்பிட வேண்டும்.

"அழகர்கோவில் பக்கம் கொண்டுபோனா மட்டும் தப்பா நிக்குது, வீட்ல சரியா இருக்கு."

சிக்னல் இல்லாத இடமா என்று கேட்பேன், ஆமாம் என்பார்கள். ராஸ்பெர்ரி பை 4 வரைக்கும் உள்ளே கடிகாரம் கிடையாது. பை 5இல் இருக்கிறது, ஆனால் தனி பேட்டரி மாட்ட வேண்டும். வீட்டில் வைஃபை வழியே நேரத்தைத் திருத்திக்கொள்ளும். வெளியில் போனால் கடைசியாக அணைத்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும், தேதியும் அதேதான் இருக்கும், அதனால் பார்த்த மாத்திரத்தில் சந்தேகம் வராது. நான்கு நிமிடம் பிசகினால் ஒரு டிகிரி. ஒரு யூஎஸ்பி ஜிபிஎஸ் வாங்கிவிட்டால் நேரம், இடம் இரண்டுக்கும் கவலை விட்டது. அதுவரைக்கும் போன் ஹாட்ஸ்பாட் கிடைக்கும் இடத்தில் ராஸ்பெர்ரி பையை ஒருமுறை எழுப்பிவிட்டு, அணைக்காமலே பேட்டரியோடு கொண்டுபோங்கள்.

"கொடைக்கானல்ல சூரியனைக் காட்டினாங்க. நாமளும் பகல்ல இதே ப்ரோக்ராமை வச்சு பார்க்கலாமா?"

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் தொடங்கியது, 1909இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை அங்கேதான் கண்டுபிடித்தார். அதைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இந்த ஆசை வருவது நல்லதுதான். குழாயின் முன்பக்கத்தில், ஒளி நுழையும் வாயில், சூரியனுக்கென்றே செய்த ஃபில்டரை இறுக்கமாக மாட்டி, குறி பார்க்க மேலே இருக்கும் சின்ன ஃபைண்டரையும் மூடிவிட்டால் பார்க்கலாம். கண்வில்லைப் பக்கம் திருகுகிற சின்ன ஃபில்டரை நம்பாதீர்கள், சூட்டில் வெடித்துவிடும்.

மற்ற பகல் வேலைகளுக்கு, உதாரணமாகப் பகலில் வெள்ளியைக் காட்ட, ஆஸ்ட்ரோபையில் சூரியனின் இடத்தைக் கேட்டு, இலக்கு அதிலிருந்து 30 டிகிரியாவது விலகியிருக்கிறதா என்று பார்த்தே அனுப்ப வேண்டும் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள், சரிதான். ஆனால் இலக்கை மட்டும் பார்த்தால் போதாது. கிழக்கிலிருந்து மேற்கே போகிற வழியில் குழாய் சூரியனைக் கடந்து போகலாம். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் மதுரையின் உச்சிக்கே வந்துவிடுகிறது, அப்போது பக்கம் மாறுகிற எந்த நகர்வும் அதன் பக்கமாகத்தான் போகும். மவுண்ட் எந்த வழியாகப் போகும் என்று லைப்ரரி சொல்லாது. அதனால் பகலில் குழாய் நின்று, அது எங்கே நிற்கிறது என்று நிழலைப் பார்த்து உறுதி செய்த பிறகே மூடியைக் கையால் எடுக்கிறேன். பிள்ளைகள் இருந்தால், எடுத்த மூடியை வேறு யாரிடமும் கொடுக்கமாட்டேன். இதை ப்ரோக்ராமிடம் விடமாட்டேன்.

"நான் சென்னைல, டெலஸ்கோப் திருமங்கலத்துல எங்க வீட்டு மாடில. அங்கிருந்தே ஓட்டலாமா?"

ஓட்டலாம். ஆனால் ரவுட்டரில் 7624 போர்ட்டையோ அல்பாக்காவின் 11111 போர்ட்டையோ வெளியுலகுக்குத் திறந்துவிடாதீர்கள். இண்டி சர்வர் பாஸ்வேர்டு கேட்காது, யார் வந்து 'போ' என்றாலும் போகும். எஸ்எஸ்எச் டனல் அல்லது விபிஎன் வழியாக வாருங்கள்.

அதைவிட முக்கியம், இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பது. உங்கள் லேப்டாப்பில் ஓடும் ப்ரோக்ராம் நின்றாலும் மவுண்ட் பின்தொடர்ந்துகொண்டே இருக்கும். முடிவெடுக்கும் ப்ரோக்ராம் மாடியில் உள்ள ராஸ்பெர்ரி பையிலேயே ஓட வேண்டும், பத்து நிமிடம் உங்களிடமிருந்து செய்தி இல்லை என்றால் அதுவே பார்க் செய்ய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் வீட்டில் ஆள் இல்லாமல் ஓட்டவே வேண்டாம். மழை சென்சார் பார்க் செய்யும், தார்பாய் போட்டு மூடாது.

"தமிழ்ல நட்சத்திரப் பேர் அடிச்சா போற மாதிரி செய்ய முடியுமா?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, கேட்டவர் மேலூர்ப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர். முடியும். பைத்தானில் ஒரு அகராதி: ரோகிணி என்றால் ஆல்டிபாரன், திருவாதிரை பெட்டல்ஜூஸ், மகம் ரெகுலஸ், சித்திரை ஸ்பைகா, சுவாதி ஆர்க்டூரஸ், கேட்டை அன்டாரெஸ், திருவோணம் ஆல்டேர், அகத்தியர் கனோபஸ். கார்த்திகை மட்டும் ஒற்றை நட்சத்திரம் இல்லை, ஒரு கொத்து, அதற்கு நடுப்பகுதியின் இடத்தைக் கொடுத்துவிடலாம். பெயர் வந்ததும் ஜே2000 இடம், அங்கிருந்து மேலே சொன்ன எல்லாச் சோதனையும்: இன்றைய தேதிக்கு மாற்றம், உயரம், உச்சி, சூரியன்.

அந்தப் பள்ளியில் இதைப் போட்டபோது திருவாதிரை போனது, மகம் போனது, ரோகிணியும் திருவோணமும் மட்டும் 'அப்படி ஒரு நட்சத்திரம் இல்லை' என்று வந்தது. திரையில் பார்த்தால் எழுத்து ஒன்றுபோலவே இருக்கிறது. நெருங்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. 'ரோ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம், ஓகாரக் குறி முழுசாக ஒரே குறியீடாக இருக்கலாம், அல்லது ஏகாரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியீடாக இருக்கலாம். பிள்ளைகளின் கீபோர்டு ஒரு விதமாக அடித்தது, என் அகராதியில் வேறு விதமாக இருந்தது. பைத்தானின் யூனிகோட்-டேட்டா (unicodedata) மாட்யூலை வைத்து என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு இரண்டு பக்கத்தையும் மாற்றிவிட்டு ஒப்பிட்டால் தீர்ந்துவிடும், ஒரே வரி வேலை.

அந்த வரியைச் சேர்த்தபிறகு ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒற்றை விரலால் ரோகிணி என்று அடித்தாள். மோட்டார் உறுமி, குழாய் கிழக்கே திரும்பி நின்றது. எல்லாரும் கண்வில்லைக்கு ஓடினார்கள், அவள் மட்டும் குழாயின் பின்னால் போய் நின்று, அது காட்டுகிற திசையில் வெறுங்கண்ணால் அந்தச் சிவப்பு நட்சத்திரத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு, அதன்பிறகே வரிசைக்கு வந்தாள்.